ஓப்பநாயக்க வழியாகக் கதிர்காமம்

கொழும்புக்கு வெளியே, மாக்கும்புரவில் தெற்கு அதிவேகப் பாதைக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டும்போது விடியற்காலை 4.50. 2024 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை. மறுநாள் இரவு குரோதி வருடம் பிறக்கிறது. கொழும்பில் இருக்கிற பாதிச் சனம் ஊருக்குப் புறப்பட்டிருந்தது. உள்ளே நுழையக் காத்துநின்ற கார்களின் பின்விளக்குகள் ஹைலெவல் றோட்டு வரைக்கும் சிவப்பாக நீண்டிருந்தன. இவர், என் வீட்டுக்காரர், என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. நேரே ஹோமாகம பக்கம் விட்டேன். பின்சீட்டில் அம்மா "முருகா" என்று மெல்லச் சொன்னது கேட்டது.

அதிவேகப் பாதை மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. 2011 நவம்பரில் அது கொட்டாவையிலிருந்து காலி வரை திறந்தபோது நாங்களும் பார்க்கப் போனவர்கள்தான். மூன்று மணித்தியாலம் உருண்ட காலிப் பயணம் ஒரு மணித்தியாலத்துக்குச் சுருங்கியது பெரிய விஷயம். 2014இல் மாத்தறை வரை நீண்டது, 2020இல் அம்பாந்தோட்டை வரை. அதற்குப் பிறகு கதிர்காமம் என்றாலே எங்களுக்கு அந்தப் பாதைதான். ஆனால் முந்தின வருடம் ஒரு நீண்ட விடுமுறையில், வெளியேறும் வாயிலுக்கு முன்னால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். அம்மாவுக்கு 77 வயது, சர்க்கரை வருத்தம். அடிக்கடி இறங்கவேணும். அந்தப் பாதையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, இறங்கினாலும் ஒதுங்க ஒரு கடை இல்லை. அம்மா ஒன்றுமே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாளுக்குப் பிறகுதான் எனக்கு அது தெரியவந்தது. அந்த அழுத்தமான முகம் இன்னும் மனதில் கிடக்கிறது.

ஆகவே இந்த முறை ஏ4. கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை, வெல்லவாய என்று நாட்டின் நடுவால் ஏறி இறங்கி, கடைசியில் மட்டக்களப்பு வரை போகிற றோட்டு. நாங்கள் வெல்லவாயவில் பிரிந்து தெற்கே இறங்கினால் கதிர்காமம். தூரத்தில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நேரத்தில்தான் இருக்கிறது. இவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமிக்கு வளைவு ஒத்துவருமோ?" என்று கேட்டார். அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா வளைவைப் பற்றிப் பேசவேயில்லை.

"அப்ப ஓப்பநாயக்கவால போவமே?" என்றார்.

அந்தப் பெயரை அம்மா வாயிலிருந்து நான் கேட்டு எத்தனையோ வருடம். என் அம்மப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். களனிவெளி ரயில் பாதை என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் நுகேகொடை, மஹரகம, அவிசாவளை மட்டுந்தான் தெரியும். ஒரு காலத்தில் அது அவிசாவளையோடு நிற்கவில்லை. 1912இல் இரத்தினபுரிக்குப் போய், பிறகு ஓப்பநாயக்க வரை நீண்டது. தண்டவாளங்களுக்கு இடையில் இரண்டரை அடி அகலம்தான். அம்மா அதைச் 'சின்னக் கோச்சி' என்றுதான் சொல்வார். எழுபதுகளில் அவிசாவளைக்கு அப்பால் உள்ள பகுதியை மூடினார்கள். மிச்சமிருந்த பகுதியைத் தொண்ணூறுகளில் அகலப் பாதையாக்கினார்கள். அம்மா அந்த ஊரை விட்டது 1958இல், பதினொரு வயதில். தமிழருக்கு எதிரான கலவரம் வந்ததோடு அம்மப்பா குடும்பத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இடமாற்றம் வரும்வரை அங்கே இருந்தார். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பக்கம் போனதில்லை. நாற்பது வருடமாக வெள்ளவத்தையில் இருக்கிறார். மூன்று மணித்தியாலம் ஓடினால் போய்விடலாம். நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வருடப் பிறப்புக்குத் தலையில் வைக்கிற மருத்துநீர்ப் போத்தல் ஒன்று, மாசிக் கருவாடு போடாத கட்டைச் சம்பல், ரொட்டி, இரண்டு பிளாஸ்க்கில் தேத்தண்ணி. சித்திரை வருடத்துக்கு வழியில் கடைகள் பூட்டியிருக்கும் என்று தெரிந்துதான் எல்லாவற்றையும் கட்டினோம். புறப்படுகிற யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். வருடப் பிறப்பை ஒட்டிப் போனால் சாப்பாடு கையில் இருக்கட்டும்.

ஹோமாகம, மீகொடை, கொஸ்கம எல்லாம் இருட்டிலேயே போய்விட்டன. அவிசாவளையில் ஏ7 பிரிந்து ஹட்டன் பக்கம் ஏறுகிறது, நுவரெலியாவுக்குப் போகிற வாகனங்களில் பாதி அங்கேயே கழன்றுவிட்டன. எஹலியகொடைக்கு வரும்போது நன்றாக வெளித்துவிட்டது. அதற்குப் பிறகு றோட்டில் எங்களைத் தவிர சில பஸ்களும் முச்சக்கரவண்டிகளும்தான். இறப்பர் தோட்டங்களுக்கு இடையில் புகை மாதிரி மூடுபனி. வயலுக்கு நடுவே ஓலைக்கூரை போட்ட சின்னக் கொட்டில்களைக் கண்டு, காவலுக்குக் கட்டியதா என்று மகன் கேட்டான். மாணிக்கக் குழிகள். குழிக்குள் இறங்கி, 'இல்லம்' என்கிற அந்தச் சரளை மண்ணை வாளியில் மேலே இழுத்து, கூடையில் போட்டு நீரில் அரித்துத்தான் கல் தேடுகிறார்கள் என்று சொன்னேன். வயல் ஒருவருடையது, குழி வேறொருவருடையது, பம்ப் இன்னொருவருடையது என்று பங்கு பிரிக்கிற கணக்கை இவர் விளக்கினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஐபேட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

குருவிட்டையைத் தாண்டியதும் சிவனொளிபாதமலை தெரிந்தது. எதிர்பார்க்கவே இல்லை. ஒரு வளைவு திரும்பியதும் கீறின கோடு மாதிரி அந்தக் கூம்பு, நீலமாக, உச்சியில் ஒரு துண்டு முகில். ஹட்டன் பக்கமிருந்துதான் நாங்கள் எல்லோரும் ஏறியிருக்கிறோம், இந்தப் பக்கத்து ஏற்றம் நீளமானது, கடுமையானது. காரை ஓரங்கட்டினேன். அம்மா கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டார். இரண்டு நிமிடத்தில் முகில் இறங்கி மலையை மூடிவிட்டது. அதே நேரம் அதிவேகப் பாதையில் போயிருந்தால் அம்பாந்தோட்டையை நெருங்கியிருப்போம் என்பது உண்மை. அதை நினைத்து எனக்கு ஒரு துளி வருத்தமும் வரவில்லை.

இரத்தினபுரியில் களு கங்கை அமைதியாகக் கிடந்தது. பெல்மதுளைச் சந்தியில் இவர் இன்னொரு முறை கேட்டார். அங்கே வலது பக்கம் பிரிகிற றோட்டில் போனால் எம்பிலிப்பிட்டி. உடவளவ வழியாகத் தணமல்விலைக்குப் போய்ச் சேரலாம், மலை ஏறத் தேவையில்லை. வளைவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு, வாந்தி வரும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல வழி. உடவளவ தேசியப் பூங்காவின் வேலியோரம் யானைகளும் நிற்கும். நாங்கள் நேரே போனோம்.

ஓப்பநாயக்க ஒரு சின்னக் கடைவீதி. பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா முன்னால் குனிந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். கடைகளில் பாதி பூட்டியிருந்தது. ஒரு கடையின் முன்னால் வாங்கில் இருந்த வயதானவரிடம் நிறுத்திச் சிங்களத்தில் கேட்டேன். பழைய ரயில் ஸ்டேஷன் எங்கே இருந்தது ஐயா? அவர் எழுந்து வந்து காருக்குள் பார்த்தார். அம்மாவைப் பார்த்ததும் எங்களை விட்டுவிட்டு நேரே அவரோடு பேச ஆரம்பித்தார். எந்த வருடம், யாருடைய மகள், எந்தக் குவாட்டர்ஸ். அம்மாவின் சிங்களம் எங்கள் கொழும்புச் சிங்களம் இல்லை. சப்ரகமுவ இழுவை. எழுபது வயதுக்கு மேல் என் அம்மாவிடம் அப்படி ஒரு பேச்சு உள்ளே இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் வழி காட்ட, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தண்டவாளம் இல்லை. குவாட்டர்ஸ் இல்லை. வீடுகள் எழும்பியிருந்தன, வாழை நட்டிருந்தார்கள், ஒரு முற்றத்தில் பிள்ளைகளுக்குப் பலாமரத்தில் ஊஞ்சல் கட்டியிருந்தது. யாரோ வீட்டில் தேங்காய் எண்ணெயில் பலகாரம் பொரிகிற மணம். குயில் ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது. அம்மா சுற்றிச்சுற்றிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை என்பது அவருடைய கண்ணிலேயே தெரிந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது, ஏன்தான் கூட்டிவந்தேன் என்று நினைத்தேன். அப்போது அம்மா நிமிர்ந்து எதிரேயிருந்த மலைவரிசையைப் பார்த்தார்.

"இதுதான்" என்றார். "காலமை பல்லு விளக்கேக்க இந்த மலையைப் பாத்துக்கொண்டுதான் நிப்பன். அந்தப் பள்ளத்துக்கு நேரை எங்கட கிணறு."

பள்ளத்துக்கு நேரே ஒரு வீட்டின் மதில் இருந்தது. அம்மா போய் அதில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கோச்சி வந்து நின்றதும் அம்மப்பா தன் வெள்ளைத் தொப்பியை எடுத்து மாட்டுகிற விதத்தை மகனுக்குச் செய்து காட்டினார். அந்த வீட்டுக்காரப் பெண் வெளியே வந்து விசாரித்து, வாழை இலைத் துண்டில் நாலு கொண்டைப் பணியாரம் வைத்துத் தந்தார். வருடத்துக்குச் சுட்டது, அடுத்த நாள்தான் மேசையில் வைக்கவேண்டியது. கதிர்காமத்துக்குப் போகிறோம் என்று சொன்னதும் எங்களுக்காகவும் ஒரு பூத்தட்டு வையுங்கள் என்று 200 ரூபாவை அம்மாவின் கையில் பொத்திவைத்தார்.

நாங்கள் அங்கே நின்றது முக்கால் மணித்தியாலம்.

பலாங்கொடையில் பெற்றோல் அடித்தேன். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வரிசையில் கிடந்த காலத்துக்குப் பிறகு, தொட்டி பாதியானாலே எனக்குக் கை பதறும். பெலிஹுல்ஓயாவில் ஆற்றோரம் ரொட்டியைச் சாப்பிட்டோம். அங்கிருந்து காற்றே வேறு. இறப்பர் முடிந்து, புல்மலை தொடங்கி, பிறகு தேயிலை. களுபஹனவில் பம்பரகந்த நீர்வீழ்ச்சிக்குத் திரும்புகிற பலகையைக் கண்டோம், 263 மீற்றர், நாட்டிலேயே உயரமானது. அம்மாவை வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்துக்குப் போக மனம் வரவில்லை. மகன் முகம் கோணினான். அவனுக்கு நான் இன்னும் கடன்காரி.

ஹல்துமுல்லையில் றோட்டு மலைச்சரிவோடு ஒட்டிப் போகிறது. வலது பக்கம் தரை அப்படியே கீழே விழுந்து, தெற்குச் சமவெளி முழுக்க விரிந்து கிடக்கிறது. தூரத்தில் வெள்ளித் தட்டு மாதிரி ஒரு குளம். சமனலவெவ என்றார் இவர், உடவளவ என்றேன் நான். ஓட்டுகிறவர் பார்க்கக்கூடாத இடம் அது. ஓரங்கட்ட இடம் இருக்கும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு தேநீர்க்கடை திறந்திருந்தது. தமிழ் எழுத்துப் பலகை, உள்ளே மாரியம்மன் படம். கடைக்கார அம்மா எங்கள் பேச்சைக் கேட்டதும், "யாழ்ப்பாணத்து ஆளுங்களா? எங்கேருந்து வர்றீங்க?" என்றார். கொழும்பு என்றதும் அவருடைய அடுத்த கேள்வி றோட்டைப் பற்றித்தான்.

"வழியில ப்ளாக் இருக்குதுங்களா? மவன் புறக்கோட்டையில கடையில நிக்கிறான். இன்னைக்கு ராவுதான் பதுளை பஸ் ஏறுவான்."

ஒரு ப்ளாக்கும் இல்லை என்று சொன்னோம். அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. வருடத்தில் இரண்டே தரம் வருகிறானாம், தீபாவளிக்கும் சித்திரைக்கும். அவருடைய மருமகள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள், அப்போது நாள் சம்பளம் ஆயிரம் ரூபா. நாங்கள் மாக்கும்புரவில் பார்த்த வரிசையில் நின்ற காரொன்றின் சுங்கக் கட்டணமும் ஒரு நேரச் சாப்பாடும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். பிளேன்ரீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மா பணியாரத்தில் இரண்டை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

பெரகலைச் சந்தியில் இடதுபக்கம் மேலே ஏறினால் ஹப்புத்தளை. நாங்கள் கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினோம். கியரை இறக்கிப் போட்டு, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வரவேண்டிய இறக்கம். பிற்பகலில் சித்திரை இடிமழை பிடித்தால் இந்தப் பகுதியில் முன்னால் போகிற பஸ்கூடத் தெரியாது, மத்தியானத்துக்கு முன்னால் பெரகலையைத் தாண்டிவிடுங்கள்.

கொஸ்லந்தையில் ஒருவரிடம் மீரியபெத்தை எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் மேலே கை காட்டினார். 2014 ஒக்டோபர் 29, காலை. மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை அப்படியே மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்த பெற்றோர் மண்ணுக்குள் போனார்கள். அந்த வாரம் வெள்ளவத்தையில் நாங்கள் வீடுவீடாகச் சாமான் சேர்த்தோம். நான் பாடசாலைச் சப்பாத்துகளைச் சோடி பிரித்துக் கட்டினேன். சின்ன அளவுகள் நிறைய. எந்தக் காலுக்குப் போகிறது என்று தெரியாமலே பெட்டிக்குள் அடுக்கினேன். அந்தப் பெயரை எத்தனை தரம் பெட்டிகளில் மார்க்கர் பேனாவால் எழுதியிருப்பேன். பத்து வருடத்தில் ஒருநாளும் அந்த இடத்தை வந்து பார்க்கவில்லை. பதுளைக்கு ரயிலில் போனேன், எல்ல என்கிற ஊருக்குப் போனேன், இந்த றோட்டுக்கு வரவில்லை. மலையில் இப்போது பச்சைதான் தெரிகிறது. அவர் காட்டியிருக்காவிட்டால் கண்டிருக்கமாட்டேன். மகன் என்னவென்று கேட்டான். சொன்னேன். அவன் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

தியலும நீர்வீழ்ச்சியை றோட்டிலிருந்தே பார்க்கலாம், 220 மீற்றர். அம்மா காரை விட்டு இறங்காமலே பார்த்தார், தண்ணீர் அவ்வளவு இல்லை. வெல்லவாயவுக்கு இறங்கியதும் சூடு முகத்தில் அறைந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னால் சால்வை போர்த்தியிருந்தவர்கள் இப்போது ஏசியை முழுக்கப் போட்டோம். அங்கிருந்து நேரே ஏ4இல் புத்தலைக்குப் போய், காட்டுக்கு நடுவால் கதிர்காமம் இறங்குகிற குறுக்குவழி ஒன்று உண்டு. அதில் யானைகள் வாகனத்தை மறித்து நிற்கும். சனம் ஜன்னலால் பழம் நீட்டிப் பழக்கிவிட்டது, இப்போது கொடுக்காவிட்டால் தும்பிக்கை உள்ளே வருகிறது. தயவுசெய்து அப்படிக் கொடுக்காதீர்கள். யானைக்கும் கெடுதல், பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள்காரனுக்கும் ஆபத்து. நாங்கள் தணமல்வில வழியாகவே போனோம். வழியில் ஒரு முட்டி எருமைத்தயிரும் ஒரு போத்தல் கித்துள் பாணியும் வாங்கினோம்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக் கரைக்கு வந்து சேரும்போது நாலரை மணி. பன்னிரண்டு மணித்தியாலம். நின்ற நேரங்களைக் கழித்தால் எட்டரை வரும். அதிவேகப் பாதையில் நல்ல நாளென்றால் ஐந்துக்குள் முடித்திருப்போம். அம்மா ஆறு தரம் இறங்கினார், ஆறு தரமும் ஒரு வீடோ கடையோ கோயிலோ கதவைத் திறந்தது. கால் வீங்கவில்லை.

மாலைப் பூசைக்கு அந்த ஓப்பநாயக்கப் பெண்ணின் காசில் தனியாக ஒரு பூத்தட்டு வாங்கி வைத்தோம். பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம். முருகன் படம் வரைந்த திரைக்கு முன்னால் அம்மா அவளை எப்படிச் சொல்லி வேண்டினாரோ தெரியாது. மறுநாள் பின்னேரம் புண்ணியகாலத்தில் தலையில் மருத்துநீர் வைத்துக்கொண்டு ஆற்றில் முழுகினோம்.

15ஆம் திகதி அதிவேகப் பாதையால்தான் திரும்பினோம். இவருக்கு அடுத்த நாள் வேலை. அம்மா வழி முழுக்க நித்திரை.

அன்றிரவே டொரொண்டோவிலிருந்து மாமா எடுத்தார். அவருக்கு 80. ஓப்பநாயக்கவுக்குப் போனதைச் சொன்னதும் ஸ்பீக்கரில் அவருடைய குரல் உயர்ந்தது. கிணறு பள்ளத்துக்கு நேரே இல்லையாம், அதற்கு இடப்பக்கமாம். அம்மா விடவில்லை. அரை மணித்தியாலம் இரண்டு பேரும் அந்த மலைக்காகச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் மாமா சொன்னார், அவர் பார்த்தது எப்போதும் பலாங்கொடைப் பக்கமிருந்து கோச்சியில் வரேக்கையாம், அங்கிருந்து பார்த்தால் பள்ளம் வேறு மாதிரித் தெரியுமாம். கோச்சி பலாங்கொடைக்குப் போனதேயில்லை, ஓப்பநாயக்கவோடு முடிஞ்சுது எண்டு அம்மா சொன்னார். அப்ப பஸ்ஸிலை வந்திருப்பன் என்றார் மாமா.

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்தமுறை திரும்பி வரேக்கையும் அந்த றோட்டாலயே வருவம் பிள்ளை. அந்தப் பக்கத்தாலயும் ஒருக்காப் பாக்கவேணும்."